அட்டையில் இல்லாத பூதங்கள்

டிரங்குப் பெட்டியிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான் தங்கப்பழம். அட்டையில் பூதம் இல்லை.

அட்டை இருந்தது. மேலே சிவப்பு எழுத்தில் ‘கரும்பூதம் காமிக்ஸ்’ என்ற பேர் இருந்தது. இடிந்த கோட்டை இருந்தது. கோட்டைக்கு மேலே நிலா இருந்தது. பயந்து ஓடுகிறவளின் முந்தானைகூட அப்படியே இருந்தது. பூதம் நின்ற இடத்தில் மட்டும் பூதத்தின் அளவுக்கு ஓட்டை. கொம்பு, தோள், விரித்த விரல்கள் என்று கோடு பிசகாமல் கத்தரியால் வெட்டி எடுத்த ஓட்டை. அதன் வழியாக உள்பக்கத்துப் பல்பொடி விளம்பரம் தெரிந்தது.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ரசூல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான்.

“என்ன வே இது, வெளையாடுதீரா?”

தங்கப்பழம் இரண்டாவதை எடுத்தான். சுடுகாடு இருந்தது, ஓநாய்த்தலையன் இல்லை. மூன்றாவதில் கடலும் கப்பலும் இருந்தன. கப்பலை நெரித்த எட்டுக்கை மிருகம் இல்லை. பெட்டியை அப்படியே பாயில் கவிழ்த்தான். சரிந்து பரவிய புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு தினுசாக ஓட்டை. கீழே கிடந்த பாயின் கோரை அந்த ஓட்டைகள் வழியாகத் தெரிந்தது. அவனுக்குக் காது அடைத்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

இந்தப் புத்தகங்களுக்குத்தான் ரசூல் ஒரு விசைத்தறியைத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

தங்கப்பழம் இசக்கிப்பாண்டி முதலாளியின் செட்டில், அந்தத் தறிக் கொட்டகையில், தறி ஓட்டியவன். ஒரு ஆளுக்கு நான்கு தறி. இந்தத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தால் இங்கே ஓட வேண்டும், அந்தத் தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால் அங்கே ஓட வேண்டும். உட்கார இடம் கிடையாது. பஞ்சுத்தூசி மூக்கில், தொண்டையில், சாப்பாட்டில். சளியைக் காறித் துப்பினால் அதில் சேலையின் சாயக்கலர் இருக்கும். நாடாவுக்குத் தார் சுற்றிக் கொடுக்கிற சிறுபிள்ளை வயதில் அந்த வேலைக்குப் போனவன், அன்றிலிருந்து கையில் மிஞ்சிய காசுக்கு வாங்கிய ஒரே சாமான் இந்தக் காமிக்ஸ்தான். மற்றவர்கள் படித்துவிட்டு எடைக்குப் போட்டார்கள். பலசரக்குக் கடையில் புளி மடித்துக் கொடுத்தார்கள். புத்தகம் போட்டவர்களும் எழுபத்தைந்தாம் வருஷ வாக்கில் கடையை மூடிவிட்டார்கள். தங்கப்பழம் மட்டும் வசம்பு போட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தான். விட்டுப்போன நம்பர்களைத் தேடி ராஜபாளையம் வரை சைக்கிள் மிதித்திருக்கிறான்.

ரசூல் கடையநல்லூர்க்காரன். சவுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவனும் சிறுவயதில் இதே பூதங்களை ஒன்றுவிடாமல் சேர்த்தவன்தான். அவனுடையதை அவன் தாயார் ஜுலைகா பீவி பழைய பேப்பர்க்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் மதுரையிலும் மெட்ராஸிலும் பழைய புத்தகக் கடைகளைச் சல்லடை போட்டான். கிடைத்ததெல்லாம் அட்டை போனது, நடுப்பக்கம் போனது. சங்கரன்கோவிலில் ஒரு தறிக்காரனிடம் எல்லா நம்பரும் அட்டை கசங்காமல் இருக்கிறது என்று நூல் வியாபாரி ஒருவர் சொல்ல, டாக்ஸி பிடித்து வந்தான். ரூபாய் தருகிறேன் என்றான். தங்கப்பழம் மாட்டேன் என்றான். டேப்ரிக்கார்டர் தருகிறேன் என்றான். அதற்கும் மாட்டேன் என்றான். கழுகுமலை ரோட்டில் ரசூலின் வாப்பா வைத்திருந்த தறி செட்டில் கடைசியாக ஒரு தறி சும்மா கிடந்தது. வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு அது ஓடவில்லை. இரும்புக் கடைக்காரன் அதை உடைத்து எடுத்துப்போகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“தறிய நீரு எடுத்துக்கிடும். பூதத்த எனக்குக் குடும்” என்றான் ரசூல்.

இசக்கிப்பாண்டியின் செட்டு முழுக்கச் சிரித்தது. “பேய்ப்படத்துக்குத் தறியாம்ல! அந்தக் கடையநல்லூரான் வெயில்ல நின்னு மூளை கலங்கிட்டான். ஏலே தங்கப்பழம், எங்க வீட்டுல என் மாமியா போட்டோ இருக்கு, அதுக்கு மோட்டார் குடுப்பானான்னு கேளு” என்றார் இசக்கிப்பாண்டி. தங்கப்பழம் அன்றைக்கே வேலையை விட்டான். கூலிக்கு நின்ற கால் இனி சொந்தத் தறி முன்னால் நிற்கும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தான். முன்னறையில் மண்தரையைத் தோண்டி, தறியை இறுக்கத் தோதாக சிமெண்டு போட்டான். கரண்டுக்கு எழுதிக் கொடுத்தான். இப்போது அந்தச் சிமெண்டுத் தரையில் விரித்த பாயில்தான் ஓட்டை விழுந்த புத்தகங்கள் பரவிக் கிடந்தன.

அவன் மனைவி பூமாரி ரெண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள். ஐந்து மாத வயிறு. தரையில் கிடந்ததைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“ஏட்டி, இத யாரு வெட்டினா?” என்றான் தங்கப்பழம்.

“நாந்தான்” என்று ஒரு டம்ளரை ரசூலிடம் நீட்டினாள். “சூடா இருக்கு அண்ணாச்சி, பாத்துப் புடிங்க.”

ரசூல் டம்ளரை வாங்கிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“எண்ணிப் பாரும், ஒண்ணுகூடக் கொறையல” என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள் பூமாரி. “ஒரு நம்பர் கொறஞ்சாலும் தறி கிடையாதுன்னு நீருதான சொன்னீரு? நான் நம்பர்ல கை வைக்கல. உருவத்த மட்டுந்தான் எடுத்தேன்.”

“எங்க அது? எங்கட்டி வச்சிருக்க?”

“வச்சிருக்கவா? கோயில் உண்டியல்ல போட்டுட்டேன்.”

ரசூலுக்குக் காப்பி புரைக்கேறிவிட்டது. இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.

சங்கரன்கோவிலில் இது புதிதல்ல. வீட்டுக்குள் பாம்பு வந்தால், தேள் கொட்டினால், கோயில் வாசல் கடையில் பாம்பு உருவமோ தேள் உருவமோ அடித்த தகடு வாங்கித் தலையைச் சுற்றி உண்டியலில் போடுவார்கள். உருவத்தைக் கொடுத்துவிட்டால் அந்த ஜந்து வீட்டை அண்டாது. அது ஊர் முழுக்க நடக்கிறதுதான். பூமாரி அதைப் பூதத்துக்கும் செய்துவிட்டாள்.

“கண்ண மூடுனா பச்சையா ஒண்ணு கொம்போட வந்து வயித்து மேல உக்காருது. போன தடவை புள்ள தங்காமப் போச்சே, அப்பவும் இந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியிலதான கெடந்தது? தங்கத்தாய் மதினிட்ட சொன்னேன். உருவம் வாங்கிப் போடுட்டின்னா. கடையில போயி பூதம் இருக்கான்னு கேட்டேன். பாம்பு இருக்கு, தேளு இருக்கு, பூரான் இருக்கு, பூதத்துக்கு எங்க போவேன்னு சிரிக்கான். பெறவு நான் என்ன செய்ய? நம்ம வீட்டுலதான் பெட்டி நெறைய இருக்கே.”

“ஒண்ண வெட்டுனாப் பத்தாதா? அத்தனையும் எதுக்குட்டி?”

“எது வந்து உக்காருதுன்னு இருட்டுல எனக்கு அடையாளம் தெரியுமா? ஒண்ணப் போட்டு இன்னொண்ணு வந்தா?”

“அப்ப உள்ள இருக்கறத ஏன் விட்ட?”

“உள்ள இருக்கறது கறுப்பு வெள்ளைதான. அதுக்கு ஏது உசுரு? அட்டையில இருக்கதுதான் கலர்ல கண்ண உருட்டுது.”

தங்கப்பழத்தின் கை ஓங்கிவிட்டது. ரசூல் டம்ளரை உருட்டிவிட்டு எழுந்து அந்தக் கையைப் பிடித்தான். “புள்ளத்தாச்சி வே. கைய எறக்கும்.” பூமாரி நகரவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிந்திய காப்பி சிமெண்டில் ஓடிப் புத்தகங்களைத் தொடப் போனது. அதை முதலில் பார்த்தவள் அவள்தான். சட்டென்று முந்தானையால் துடைத்தாள்.

தங்கப்பழம் கையைத் தொங்கப் போட்டான். பிறகு கெஞ்சுகிற குரலில் சொன்னான்: “பாய், கதை முழுசும் இருக்கு. ஒரு பக்கம் போகல. விரிச்சுப் பாருங்க. அந்தக் கிணத்துப் பூதம் கடைசியில எப்படிச் சாகுதுங்கறதெல்லாம் அப்படியே இருக்கு.”

“கதை யாருக்கு வே வேணும்?”

ரசூல் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தங்கப்பழத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கதை எனக்கு மனப்பாடம். அதுல என்ன இருக்கு, ஒரே கதையத்தான் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கான். எனக்கு அட்டைதான் வேணும். கடையில புதுசாத் தொங்கும் பாத்தீரா, கிளிப் மாட்டி? அத நிமிந்து பாத்தா வயித்துல ஒரு பயம் வரும்லா? அதுக்குத்தான் இத்தன வருசமா அலையுதேன். பூதம் இல்லாத அட்டைய வச்சு நான் என்ன செய்ய? கோட்டையும் நெலாவும் எனக்கு எதுக்கு?”

வருஷக்கணக்காக அந்தப் புத்தகங்களை வரிவரியாகப் படித்தவன் தங்கப்பழம். வில்லன் சொல்லும் வசனம்கூட அவனுக்கு அத்துப்படி. கதையே வேண்டாம் என்கிற ஒருத்தன் படத்துக்காகத் தறி கொடுப்பான் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. ஆனால் தறி போய்விட்டது என்பது மட்டும் ஏறிவிட்டது. சிமெண்டுத் தரையில் குத்தவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

“உண்டியல் எப்ப தொறப்பாங்க?” என்று கேட்டான் ரசூல்.

“புதங்கிழமை எண்ணுதாங்களாம்” என்றாள் பூமாரி. “ரொம்பி வழியுது, எடம் இல்லாமப் போயிரும்னுதான் அவசரமாப் போயிப் போட்டேன்.”

“நான் வியாழக்கிழமை பம்பாய்க்கு ரயிலேறணும். அதுக்குள்ள துண்டெல்லாம் வந்தா நான் ஒட்டிக்கிடுதேன். வரலன்னா இரும்புக் கடைக்காரனுக்குச் சொல்லி விட்டுருவேன் தங்கப்பழம். என்மேல வருத்தப்படக் கூடாது.”

புதன்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் சமுக்காளம் விரித்து உண்டியலைக் கொட்டினார்கள். காணிக்கை எண்ண ஊர் ஆட்களும் உட்காருவது வழக்கம். தங்கப்பழமும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். கயிறு கட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் பூமாரி நின்றாள். வராதே என்று சொல்லியும் கேட்கவில்லை. “நான் சாமிகிட்ட குடுத்தத நீரு திருப்பி வாங்கப் போறீரு. நான் நின்னு பாக்கணும்” என்று பின்னாலேயே வந்துவிட்டாள். வழி நெடுக இருவரும் வேறு வார்த்தை பேசவில்லை.

சில்லறை மழையாகக் கொட்டியது. கைகள் பிரித்துத் தள்ளின. நோட்டு ஒரு பக்கம், காசு ஒரு பக்கம், வெள்ளிப் பாம்பு ஒரு பக்கம். சாமியிடம் என்ன சொல்லிக் கேட்பது, வெட்டிப் போட்டதைத் திருப்பிக் கொடு என்று யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டே தங்கப்பழம் காசைத் தள்ளினான். முத்துமாரியம்மாள் என்று ஒரு கட்டையான பெண்பிள்ளை அவன் எதிரே உட்கார்ந்து காசை வழித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கையை உதறிவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே பின்னால் நகர்ந்தாள்.

“ஆத்தாடி! கண்ணு! கண்ணு முழிக்கி!”

காசுகளுக்கு நடுவே நாலாக மடித்த காகிதம் விரிந்து, ஒற்றைக்கண் பூதம் ஒன்று அவளைப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர் தட்டிவிட, அதன் அடியிலிருந்து ஓநாய்த்தலை வந்தது. பிறகு ரத்தம் வடியும் பல். வரிசை கலைந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். காசு சிதறியது.

“செய்வினை வே! கோயிலுக்குள்ளயே கொண்டுவந்து வச்சிட்டானுவ!”

“எவன் வச்சான்?”

“தொடாதீங்க, தொடாதீங்க. வேப்பங்கொழை கொண்டா!”

“எட்டுக் கையிருக்கு இதுக்கு. ஒரு ஆளுக்கு வச்ச மாதிரி தெரியல, ஊருக்கே வச்சிருக்கான்.”

தங்கப்பழம் ஆட்களை விலக்கி முன்னால் வந்தான். “அது என்னுது.”

முத்துமாரியம்மாள் இன்னும் இரண்டடி தள்ளிப் போனாள். மேற்பார்வைக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்து வந்தார்.

“உம்மதா? நீரு என்ன மந்திரவாதியா?”

“இல்ல சார். தறி ஓட்டுதேன்.”

யாரோ சிரித்தார்கள். அவன் புத்தகம், பெட்டி, கனவு எல்லாவற்றையும் குழறிக் குழறிச் சொன்னான். அதிகாரி குனிந்து ஒரு பூதத்தை விரலால் எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் ‘அடுத்த இதழில்’ என்று பாதி எழுத்து இருந்தது.

“பேப்பரு” என்றார். “இதுக்கா இப்படி அலறுனீங்க? எழுதிக்கிடதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. தங்கம், வெள்ளி, பித்தளை, நோட்டு, காசு. மத்ததெல்லாம் அங்கன ஓரமாத் தள்ளுங்க. வேணும்னா நீரே பொறுக்கிட்டுப் போம்.”

தென்னந்துடைப்பத்தால் தள்ளினார்கள். வாடிய பூ, காய்ந்த எலுமிச்சை, குங்குமம் சிந்திய காகிதம் என்று குவிந்து கிடந்த இடத்தில் பூதங்களும் போய்ச் சேர்ந்தன.

சண்டை போட வேண்டியிருக்கும், காலில் விழ வேண்டியிருக்கும் என்று வந்தவனுக்கு, இது இவ்வளவு லேசாக முடிந்ததில் சிரிப்பு வரப் பார்த்தது. திரும்பினான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பூமாரி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

“சார், அப்ப சாமிக்குச் சேரலையா?”

“அதெல்லாம் நமக்கு எப்படிம்மா தெரியும்? நாங்க எண்ணிக் குடுக்கற ஆளு” என்று அதிகாரி மேசைக்குப் போய்விட்டார்.

அவள் குப்பைக்கு முன்னால் தரையைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். தங்கப்பழம் பக்கத்தில் போய், “நான் எடுக்கேன், நீ தொடாத” என்றான். அவள் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே மடியில் போட்டாள். பச்சையாகக் கொம்பு வைத்த ஒன்று வந்தபோது மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எடுத்தாள்.

“கழிச்சுப் போட்டுட்டாவ. இனிமே இத எங்க கொண்டு போடுவேன்?” என்றாள். பிறகு அவளாகவே, “அந்த அண்ணாச்சிக்கிட்டயே குடுத்துருவோம். கடல் தாண்டிக் கொண்டு போயிருவாருல்லா? அங்கேருந்து இது எப்படித் திரும்பி வரும்? எந்திரியும், எந்திரியும்” என்று அவனை அவசரப்படுத்தினாள்.

கழுகுமலை ரோட்டு செட்டில் ரசூல் காத்திருந்தான். பெட்டியை முந்தின நாளே அங்கே இறக்கியிருந்தார்கள். பூமாரி மடியை உதற, பூதங்கள் தரையில் விழுந்தன. ரசூல் வெள்ளைச் சட்டையோடு அழுக்குத் தரையில் குப்புறப் படுத்துவிட்டான். ஒவ்வொரு துண்டையும் அதனதன் ஓட்டையில் வைத்து நீவினான். கத்தரி பிசகாமல் வெட்டியிருந்ததால் பூதங்கள் கொம்பு, நகம் தப்பாமல் உட்கார்ந்தன.

“மடிப்பு விழுந்துட்டே. சே, இதுல குங்குமம் வேற. இருக்கட்டும், பல்லுல ரத்தம் மாதிரி நல்லாத்தான் இருக்கு. தங்கச்சி, உன் கை என்ன கை! அச்சாபீஸ்காரன்கூட இப்படி வெட்டமாட்டான்.” அவன் நாற்பது வயது ஆள் மாதிரி இல்லை. ஓநாய்த்தலையனை அட்டையில் பொருத்தியதும் மூச்சை உள்ளே இழுத்தான். “யா அல்லா, இப்பவும் வருது வே, அதே பயம்.”

எழுந்து முழங்காலைத் தட்டினான். “தறி உம்மது. கொண்டு போம்.”

தங்கப்பழம் தறியைப் பார்த்தான். எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையும் பிடித்துக் கிடந்தது. அதன் பக்கவாட்டு இரும்பைக் கையால் தொட்டான். விரலில் கறுப்பு ஒட்டியது. துடைக்காமல் வைத்துக்கொண்டான்.

“பெட்டிய எப்ப கப்பல்ல ஏத்துவிய அண்ணாச்சி?” என்று கேட்டாள் பூமாரி.

“கப்பலா? நான் பம்பாயிலேருந்து போறது பிளேன்ல” என்றான் ரசூல். “அங்கெல்லாம் இதக் கொண்டு போக முடியாது தங்கச்சி. ஏர்போர்ட்டுல பெட்டியத் தொறந்து பாப்பான். இப்படி உருவப்படம் எல்லாம் உள்ள விடமாட்டான்.”

“அப்ப உங்க வீட்டுல வைப்பியளா?”

“எங்கம்மா விடுவாவளா? உருவப்படம் இருக்கற வீட்டுக்கு அல்லா அனுப்புத மலக்கு, அந்த வானவரு, வராதும்பாவ. முந்தி அவியதான எடைக்குப் போட்டாவ? உங்ககிட்டயே ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன். இந்த செட்டையும் வித்தாச்சு. வே தங்கப்பழம், பெட்டி உம்ம வீட்டுலயே இருக்கட்டும். உம்மளவுக்கு யாரு பாத்துக்கிடுவா? லீவுக்கு வரும்போது வந்து பாப்பேன், போயிருவேன். பூட்டி வச்சா மட்டும் போதும்.”

முடியாது என்று சொன்னால் தறி இல்லை. சரி என்று சொன்னால் இவள் எங்கே படுப்பாள்? தங்கப்பழம் பூமாரியின் முகத்தைப் பார்க்கப் பயந்து பெட்டியைப் பார்த்தான். ரசூல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ரோட்டில் கழுகுமலை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பூமாரி வயிற்றில் கை வைத்துக்கொண்டு தறியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பல்சக்கரத்தைப் பார்த்தாள். நாடாவை அடித்துத் தள்ளும் கட்டையைப் பார்த்தாள்.

“இது ராத்திரியும் ஓடுமா?” என்று கேட்டாள்.

“கரண்டு இருந்தா ஓடும்” என்றான் தங்கப்பழம்.

“சத்தம் போடுமா?”

“தெருவே கேக்கும்.”

அவள் பெட்டியைக் காலால் தறிப்பக்கம் தள்ளினாள். “அப்ப இதுக்கு அடியில போடும். இது போடுத சத்தத்துல எது வந்து உக்காரும்னு பாத்துருதேன்.”

ரசூல் வாயைத் திறந்தான். தறியின் அதிர்வில் அட்டை கெட்டுப்போகும் என்றோ, எண்ணெய் சொட்டும் என்றோ சொல்ல வந்திருப்பான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

தங்கப்பழம் மாட்டுவண்டி பிடிக்க வெளியே ஓடினான்.